ரோசுவின் எச்சில்

ஜெயித்த குதிரையின் வாயில் பஞ்சை விட்டு எச்சில் எடுத்துச் சிங்கப்பூருக்கு அனுப்பப் போகிறார்கள் என்று கேட்டபோது கிள்ளானில் சிரிக்காதவர்கள் குறைவு. ரப்பர் விலை விழுந்ததிலிருந்து துரைமார்களுக்குப் பொழுது போகவில்லை என்றார்கள் கள்ளுக்கடைப் பக்கத்தில். எச்சிலைப் பார்த்துக் குதிரைக்குச் சாதகம் எழுதுவார்களாக்கும் என்றார் மளிகைக்கடை முத்துக்கருப்பன். குதிரை பழக்குகிற பக்கிரிசாமியும் சேர்ந்துதான் சிரித்தார். சட்டம் முழுவதையும் அப்போது அவர் கேட்டிருக்கவில்லை.

சட்டத்தைச் சொன்னவர் கார்த்திகேசு, பந்தயக் கிளப்பில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி. யாழ்ப்பாணத்துக்காரர். மழைக்குப் பக்கிரிசாமியின் லாயத்தில் ஒதுங்கியவர், குடையை மடக்கியபடி சொன்னார்.

"எச்சிலுக்குள்ளை மருந்து இருந்தால், டிரெயினர் எண்டு ஆரின்டை பேர் பதிஞ்சிருக்கோ அவர்தான் பதில் சொல்ல வேணும்."

"நான் குடுக்கலேன்னா?"

"குடுத்தவனைக் காட்டும். காட்டினால் உமக்கு அபராதத்தோடை போகும். அவன் பிறகு திடலுக்குள்ளை கால் வைக்கேலாது, குதிரை வேலையும் கிடையாது. காட்டேலாமல் போனால் உம்மடை லைசென்ஸ் ஒரு வருசத்துக்கு இல்லை."

"குதிரைக்கு வாய் இருக்கிற பாவத்துக்கு எனக்குத் தண்டனையா கிராணியாரே?"

"நான் எழுதின சட்டமே? வாசிச்சுச் சொல்றன்."

கிள்ளானுக்கு வெளியே, ஆற்றை ஒட்டிய தாழ்ந்த நிலத்தில் இருந்தது அந்தத் திடல். தோட்டத்துத் துரைகள் சிலர் சேர்ந்து நடத்திய சின்னக் கிளப். அங்கே குதிரையின் முதுகில் யாரும் ஏறுவதில்லை. இரண்டு சக்கரத்தில் ஓர் இலேசான வண்டி, அதில் குந்தியிருக்கிற மாதிரி ஓர் ஆள். குதிரை நாலுகால் பாய்ச்சலில் ஓடக் கூடாது. துள்ளுநடையிலேயே விரைய வேண்டும்; நடை கலைந்தால் வாரை இழுத்துப் பின்தங்கியே ஆக வேண்டும். வேகமாக ஓடு, ஆனால் ஓடாதே என்று ஒரு பிராணிக்குச் சொல்லிக் கொடுக்கிற வேலை இது. பக்கிரிசாமிக்கு அது வாய்த்திருந்தது. முன்பு பிரிக்பீல்ட்ஸில் ரயிலடிக்கு வாடகைக் குதிரைவண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர். மோட்டார் கார்கள் வந்து சவாரியைப் பிடுங்கிக்கொண்ட பிறகு, சீன முதலாளி லிம் தவுக்கேதான் தன் குதிரைகளைப் பார்த்துக்கொள்ளக் கூட்டி வந்தார். அந்தக் கிளப்பில் லைசென்ஸ் வாங்கிய ஒரே தமிழர் பக்கிரிசாமி. பந்தய நாளில் கோட்டுப் போட்டுக்கொள்வார். வெயிலுக்கும் கழற்ற மாட்டார்.

லாயத்தை ஒட்டிய பலகை வீடும் தவுக்கேயுடையது. அதில் பக்கிரிசாமியும், மனைவி சீதாலெட்சுமியும், அவளுடைய தம்பி தம்புசாமியும் இருந்தார்கள். கோட்டு பக்கிரிசாமிக்கு என்றால் புல் தம்புசாமிக்கு. விடியும் முன்பே அரிவாளோடு ஆற்றங்கரைக்குப் போய்விடுவான். அட்டைக் கடியோடு புல்லுக்கட்டைத் தூக்கி வருவான். வந்ததும் லாயம் கூட்டி, லத்தி அள்ளி, குதிரைகளைத் தேய்த்துவிட வேண்டும். மனிதர்களிடம் அவன் பேசுகிற பேச்சை ஒரு கைக்குள் அடக்கிவிடலாம். ரோசுவிடம் மட்டும் நாள் முழுக்கப் பேசுவான். லேடி ரோஸ் என்று கிளப்பில் பதிந்த செங்காவிக் குதிரை அது. தம்புசாமியைத் தவிர யார் தீனி காட்டினாலும் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பசித்த பிறகு பெரிய மனது பண்ணித் தின்னும். கொள்ளு வேகவைப்பது சீதாலெட்சுமி; ஆனால் அவளுக்குக்கூட அந்தச் சலுகை கிடையாது.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு மறுநாள் பந்தயம் வந்தது. ரோசுதான் முதலாவதாக வந்தது. எப்போதும் பாதிச் சுற்றில் சோம்புகிற குதிரை அன்று கடைசி வரை காதை நிமிர்த்திக்கொண்டு போயிற்று. பஞ்சு வந்தது, எச்சில் எடுத்தார்கள், கண்ணாடிக் குப்பியில் அரக்கு வைத்தார்கள். தவுக்கே பக்கிரிசாமிக்கு ஒரு சுருட்டுப் பெட்டி கொடுத்தார்.

திங்கட்கிழமை தம்புசாமி பிரிக்பீல்ட்ஸுக்குப் போனான். ரயில்வேயில் ஆள் எடுக்கிறார்களாம். அங்கே வேலை கிடைத்தால் பெண் கொடுக்க ஒரு வீட்டில் தயாராக இருக்கிறார்கள் என்று அக்காவிடம் மட்டும் சொன்னான். தீபாவளிக்குள் வந்துவிடுவதாகவும் சொன்னான். மாமாவிடம், "போயிட்டு வரேன்" என்பதோடு சரி. பக்கிரிசாமிக்கு எரிச்சல். அடை மழைக் காலத்தில் புல் அறுக்கும் வேலை அவர் தலையில் விழுந்தது. கோட்டுப் போட்ட மனிதர் கோணிப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஆற்றங்கரையில் குனிந்து நின்றார். ஒவ்வொரு கட்டைத் தூக்கும்போதும் மைத்துனனை ஒரு வார்த்தை திட்டினார்.

அப்படிப்பட்ட ஒரு நாளில்தான் கிளப்பிலிருந்து ஆள் வந்தது. ரோசுவின் எச்சிலில் அபினிச் சத்து இருந்ததாம். ஜெயித்தது செல்லாது. விசாரணைக்கு வர வேண்டும்.

மூன்று துரைகள் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். கார்த்திகேசு மொழிபெயர்த்தார். அவர்கள் கோபமாகக்கூட இல்லை. மாட்டைப் பட்டியில் அடைப்பதுபோல வரிசையாகக் கேட்டார்கள். குதிரைக்குத் தீனி யார் வைப்பது, லாயத்துச் சாவி யாரிடம், வேறு யார் உள்ளே வருவது. கடைசியில், நீர் கொடுக்கவில்லை என்றால் யார் கொடுத்தது என்றார்கள்.

பக்கிரிசாமி அதுவரை அப்படி நினைத்திருக்கவில்லை. நினைத்துப் பார்க்கவும் அவகாசமில்லை. தம்புசாமியைக் காப்பிக்கடையில் பந்தயப் பணம் வாங்குகிற ஒருவனோடு பார்த்ததாகத் தவுக்கேயின் டிரைவர் சொல்லியிருந்தான். பந்தயம் முடிந்த கையோடு அவன் ஊரை விட்டுப் போயிருக்கிறான். தோள் புல் சுமந்து வலித்துக்கொண்டிருந்தது. எல்லாமாகச் சேர்ந்து வாயைத் திறந்தது.

"தம்புசாமிதான் தீனி வைப்பான். இப்ப ஆளு இங்க இல்ல. போயிட்டான்."

"அவன்தான் குடுத்தவன் எண்டு சொல்றீரோ?" என்றார் கார்த்திகேசு.

"வேற யாரு குடுப்பா."

கார்த்திகேசு ஒரு கணம் அவரைப் பார்த்துவிட்டு அதை ஆங்கிலத்தில் சொன்னார். துரைகளுக்கு வேலை எளிதாகிவிட்டது. பக்கிரிசாமிக்கு அபராதம். திடல் வாசல் பலகையில் தம்புசாமியின் பெயர் ஏறியது. ஆங்கிலத்திலும் தமிழிலும், இன்னான் குதிரைக்கு மருந்து கொடுத்தவன், உள்ளே விடக் கூடாது.

வீட்டுக்கு வந்த பக்கிரிசாமி, "அபராதத்தோட விட்டுட்டாங்க" என்று மட்டும் மனைவியிடம் சொன்னார். சொல்லாமல் விட்டதை நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தார். நாளைகள் போயின.

தீபாவளிக்குச் சாமான் வாங்க சீதாலெட்சுமி முத்துக்கருப்பன் கடைக்குப் போனாள். முத்துக்கருப்பனுக்கு நாக்கில் நரம்பு கிடையாது. ஆனால் கெட்ட மனிதர் அல்ல.

"கசகசா ஒரு பொட்டலம் கட்டுங்கண்ணே."

"கட்டுறேன். குதிரைக்குக் கிதிரைக்குப் போட்டுறாதம்மா. அப்பறம் உன் பேரையும் எழுதித் தொங்க விட்டுடுவானுவ."

"எம் பேரை எதுக்கு எழுதுறான்?"

"இது என்ன விதைங்கிறே? அபினிக்காய்க்குள்ள இருக்கிறதுதானே. பாலை எடுத்தா அபினி, விதையை எடுத்தா கசகசா. அபினி குடுத்தான்னு உன் தம்பி பேரு கேட்டுல தொங்கலே?"

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சீதாலெட்சுமி பொட்டலத்தைக் கையில் வாங்கிக்கொண்டு நின்றாள். கூடையில் மற்றச் சாமான்கள் இருந்தபடியே இருந்தன.

"எந் தம்பி பேரா?" என்றாள்.

"உனக்குத் தெரியாதா?" என்ற முத்துக்கருப்பன் அதன் பிறகு சிரிக்கவில்லை. "உன் வீட்டுக்காரருதான் சொன்னாருன்னு கேள்வி."

அவள் வீடு சேர்ந்தபோது பக்கிரிசாமி லாயத்து வாசலில் உட்கார்ந்து வாருக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். கூடையைக் கீழே வைத்தாள்.

"எந் தம்பி பேரை நீங்களா சொன்னீங்க?"

பக்கிரிசாமி வாரைத் திருப்பிப் போட்டு மறுபக்கம் தடவினார். "கேட்டாங்க. சொன்னேன்."

"அவன் குடுத்தான்னு பாத்தீங்களா?"

"பாத்துக்கிட்டா குடுப்பான்? பந்தயக்காரங்கூட காப்பிக்கடையில உக்காந்திருந்தான்ல."

"அந்த ஆளுதான் பொண்ணுக்குச் சித்தப்பன். சம்பந்தம் பேச வந்தாரு." பொட்டலத்தைப் பிரித்து அவர் முன்னால் நீட்டினாள். "இது அபினிக்காய்க்குள்ள விளையிற விதையாம். ஆயுத பூஜைக்குப் பாயசத்துல நான் அரைச்சு ஊத்தினேன்ல, அதே சாமான்."

பக்கிரிசாமியின் கை நின்றது.

அன்று நடந்தது அவருக்கும் தெரியும். வண்டியும் சேணமும் சாட்டையும் தேய்க்கும் பிரஷும் சந்தனம் குங்குமத்தோடு வரிசையாக இருந்தன. குதிரை இல்லாமல் அந்தச் சாமான்களுக்கு என்ன மரியாதை என்று ரோசுவையும் கொண்டுவந்து நிறுத்தி மாலை போட்டார்கள். நெற்றியில் பொட்டு வைத்தது அவரேதான். சோறு போடுகிற ஆயுதத்துக்குப் படைத்ததில் முதல் பங்கு என்று அவர் கற்பூரம் காட்டியதும் நினைவிருந்தது. மழையால் அழைத்தவர்கள் யாரும் வரவில்லை. பாயசம் பானையோடு மிஞ்சியது.

"ஒரு வாய் குடுத்தா இப்படி ஆவுமா?" என்றார்.

"ஒரு வாயா? படைச்சதை நீங்க குடிச்சுப் பாத்துட்டுப் படுக்கப் போயிட்டீங்க. மிச்சத்தை வீணாக்காதடான்னு நாந்தான் தம்பிகிட்ட சொன்னேன். ராத்திரியும் வச்சான், காலையில கொள்ளோட கலந்தும் வச்சான். பானையே காலி."

பக்கிரிசாமி எழுந்து வெளியே பார்த்துவிட்டு வந்தார். குரலைத் தணித்தார். "இதை யார்ட்டயும் சொல்லாத. முடிஞ்சு போன கேஸு."

"யாருக்கு முடிஞ்சுச்சு?"

"இந்தா, வெளங்கிக்க. நம்ம வீட்டுப் பானையிலேருந்து போச்சுன்னா குடுத்தது நாமதான். லைசென்ஸ் போவும். தவுக்கே வேற ஆளை வைப்பான். அந்த ஆளு இந்த வீட்டுல இருப்பான். நாம எங்க இருப்போம்?"

"அவன் எங்க இருப்பான்?"

"அவனுக்குத்தான் ரயில்வே இருக்கே."

"அபினி குடுத்தவன்னு பேரு தொங்கினா ரயில்வேயில எடுப்பானா? பொண்ணு குடுப்பானா?" அவள் அழவில்லை. கோபத்தில் அவளுக்கு எப்போதும் குரல் தாழ்ந்துதான் போகும். "பொட்டு வச்சது நீங்க. காய்ச்சினது நான். ஊட்டினது மட்டுந்தான் அவன். நீங்க போய்ச் சொல்றீங்களா, நான் போவட்டா?"

"பொம்பள நீ போய் வெள்ளைக்காரன் முன்னால நிப்பியா?"

"ஏன், அவன் பாயசம் குடிச்சதில்லையா?"

மறுநாள் அவளே போனாள். கார்த்திகேசு அவளை உட்காரச் சொல்லி முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு, "இதைச் சொன்னால் உங்கடை மனுசனுக்குத்தான் நட்டம், தெரியுமோ தங்கச்சி?" என்றார். தெரியும் என்றாள். அவர் உள்ளே போய்ச் செயலாளர் துரையிடம் சொன்னார். துரைக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு, மிருக வைத்தியரோடு பேசியதில் அவருக்கு ஆசையே வந்துவிட்டது. வெள்ளைக்காரர்களின் அந்தக் குணத்தை நாம் குறை சொல்ல முடியாது. எதையும் ஒரு தடவை செய்து பார்த்துவிடுவார்கள். அதே பாயசத்தை அதே குதிரைக்கு எல்லோர் முன்னிலையிலும் கொடுக்க வேண்டும், மறுநாள் எச்சில் எடுக்க வேண்டும் என்று உத்தரவானது.

அப்படித்தான் சீதாலெட்சுமி கிளப்பின் கொட்டகைக்குப் பக்கத்தில் மூன்று கல் கூட்டி அடுப்பு மூட்டினாள். துரைகள் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தேங்காய் துருவுவதையும் அம்மியில் கசகசா அரைபடுவதையும் பார்த்தார்கள். வைத்தியர் ஒரு சிட்டிகை அரைத்ததை எடுத்து முகர்ந்தார். வெல்லம் கரைந்ததும் ஒரு துரை, தனக்கும் கிடைக்குமா என்று கேட்டாராம். பக்கிரிசாமி கோட்டுப் போடாமல் ஓரமாக நின்றிருந்தார்.

ஆற வைத்த பாயசத்தை ரோசு முகர்ந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டது. சீதாலெட்சுமி கையில் ஊற்றி நீட்டினாள். பக்கிரிசாமி நீட்டினார். கிளப்பின் குதிரைக்காரன் நீட்டினான். தம்புசாமி போனதிலிருந்து அது சரியாகத் தின்னவும் இல்லை. விலாவில் எலும்பு தெரிந்தது.

"வழக்கமா ஆர் குடுக்கிறது?" என்று துரை கேட்டதைத் தமிழில் சொன்னார் கார்த்திகேசு.

"தம்புசாமி," என்றாள் சீதாலெட்சுமி.

அவன்தான் திடலுக்குள் வரக் கூடாதவன் ஆயிற்றே. துரைகள் தங்களுக்குள் பேசினார்கள். குழாய் விட்டுப் புகட்டினால் அது சோதனை ஆகாது என்றார் வைத்தியர். அப்படியானால் விசாரணைக் கோப்பையே மூடிவிடலாம் என்று செயலாளர் எழுந்தார். சீதாலெட்சுமி பானையைத் துணியால் மூடினாள். மூடிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். கணவனை அவள் பார்க்கவும் இல்லை. பார்த்திருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பார். கோப்பு மூடினால் லைசென்ஸ் தப்பியது. வாய் திறக்காமல் நின்றாலே போதும். அப்படி நின்றுகொண்டிருப்பதே பக்கிரிசாமிக்குப் பெரிய வெட்கமாக இருந்தது.

"அவன் வேலிக்கு வெளியில நிக்கலாம்ல, கிராணியாரே?" என்றார். "நான் போய்க் கூட்டியாரேன்."

பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே ஆட்களின் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால், சிநேகிதன் ஒருவனுடைய அறையில் தம்புசாமி இருந்தான். செங்கல் சூளையில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தான். ரயில்வேயில் கிள்ளான்காரன் ஒருவன் பெயரைக் கேட்டதும், ஓ அந்தத் தம்புசாமியா என்று சொல்லிவிட்டானாம். மாமாவைப் பார்த்ததும் எழுந்து பாயை உதறிப் போட்டான்.

பக்கிரிசாமி உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னார். தான் பெயர் சொன்னதையும் சொன்னார்.

"தெரியும்," என்றான் தம்புசாமி.

"தெரிஞ்சும் ஏன் வந்து கேக்கல?"

"என்னத்தைக் கேக்கறது. நீங்க கேட்டிருக்கணும் மாமா." அவன் வாசலைப் பார்த்துக்கொண்டு பேசினான். "என்னடா குடுத்தேன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, அக்கா பாயசத்தைக் குடுத்தேன்னு சொல்லியிருப்பேன். ஒரு ரயில் தூரந்தானே."

பக்கிரிசாமி அவன் விரித்த பாயில் உட்கார்ந்தார்.

"இப்ப நான் வந்து ஊட்டினா உங்க லைசென்ஸ் போயிடும்லா?"

"போவும்."

"ரோசு தின்னுதா?"

"இல்ல. எலும்பும் தோலுமா நிக்கிது."

தம்புசாமி சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டான்.

சீதாலெட்சுமி புதிதாகப் பாயசம் காய்ச்சினாள். வேலிக்கு அந்தப் பக்கம் தம்புசாமி நின்றான், இந்தப் பக்கம் துரைகள். ரோசு அவன் குரலைக் கேட்டதும் பிடித்திருந்தவனையும் இழுத்துக்கொண்டு வேலிக்குப் போயிற்று. பாயசத்தில் அதற்கு ஆசை இருந்ததா என்று சொல்ல முடியாது. அவன் கையிலிருந்ததைத் தின்றது, பிறகு பானையில் மூக்கை விட்டது, பானை காலியானது. பிறகும் அவன் உள்ளங்கையை நக்கிக்கொண்டே நின்றது. சீதாலெட்சுமி அப்போதுதான் முதல் தடவையாக முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

தைப்பூசத்துக்குப் பத்துமலைக்கு ஆட்கள் கிளம்பத் தொடங்கிய சமயத்தில் சிங்கப்பூரிலிருந்து பதில் வந்தது. அதே சத்துதான். தம்புசாமியின் பெயரைப் பலகையிலிருந்து சுரண்டி எடுத்தார்கள். பக்கிரிசாமியைக் கூப்பிட்டு, அறியாமல் நடந்தது என்பதைக் கிளப் ஒப்புக்கொள்கிறது, ஆனால் எப்படிப் போனது என்பது சட்டத்துக்குக் கணக்கில்லை என்றார்கள். அத்தோடு, தெரியாத ஒன்றைத் தெரிந்தமாதிரிச் சொல்லி ஒருவன் பெயரைக் கொடுத்தது தனிக் குற்றம். லைசென்ஸ் ஒரு வருஷத்துக்குப் போயிற்று. திடலுக்குள்ளும் வரக் கூடாது. சுரண்டிய இடத்திலேயே அவர் பெயரை எழுதினார்கள். கார்த்திகேசு அதை மொழிபெயர்க்கும்போது அவர் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

தவுக்கே வெள்ளைக்காரக் கலப்பில் பிறந்த ஒரு சட்டைக்காரரை டிரெயினராக வைத்தார். தம்புசாமி இல்லாமல் குதிரை தின்னாது என்பது ஊருக்கே தெரிந்துவிட்டதால் அவனையும் நல்ல சம்பளத்துக்கு வைத்துக்கொண்டார்கள். அவன் லாயத்திலேயே படுத்துக்கொண்டான். அக்காவை வந்து பார்ப்பான், சாப்பிடுவான். மாமா வருகிற நேரத்துக்குக் கிளம்பிவிடுவான். பலகை வீட்டைக் காலி செய்து, மலாய்க்காரர்களின் கம்பத்துப் பக்கம் ஓர் அறை பிடித்தார்கள். சீதாலெட்சுமி பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போனாள். பக்கிரிசாமி ஆற்றங்கரையில் புல் அறுத்து லாயங்களுக்கு விற்றார். இருவருக்கும் இடையில் பழைய பேச்சு மெல்லத் திரும்பியது. திரும்பாதது ஒன்றுதான், அதை இருவரும் பேசவில்லை.

ஒரு பந்தய நாள் காலையில் பக்கிரிசாமி புல்லுக்கட்டோடு வேலிக்கு வெளியே வந்து நின்றார். உள்ளேயிருந்து ஆள் வந்து வாங்கிப் போவது வழக்கம். அன்று தம்புசாமியே ரோசுவை நடத்திக்கொண்டு வந்தான். குதிரை தேறி மினுமினுவென்று இருந்தது.

"மாமா," என்றான்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து வந்த பிறகு அவன் அவரைக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை. பக்கிரிசாமி கட்டைத் தலையிலிருந்து இறக்கினார்.

"இவ வாயோரத்துல உள்ளுக்குள்ள பழைய புண்ணு ஒண்ணு தழும்பாக் காய்ச்சுப் போயிருக்கு. நேத்து குதிரை டாக்டர் துரை பாத்துட்டு, இரும்புக் கடிவாளத்தை முறுக்கிப் போட்டிருக்கான் எவனோ, யாருன்னு கேட்டாரு. டிரெயினரு உங்க பேரைச் சொல்லச் சொல்றாரு. சொன்னா உங்களுக்குத் தடை இன்னும் கூடுமாம்."

"நீ என்ன சொன்னே?"

"நான் ஒண்ணும் சொல்லல." தம்புசாமி குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தான். "உங்களைக் கேக்காம எப்படிச் சொல்றது? கேட்டுட்டு வந்து சொல்றேன்னுட்டு வந்தேன்."

பக்கிரிசாமி வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். துடைக்கத் துடைக்கக் கண்ணில் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. தம்புசாமி அவசரப்படுத்தாமல் நின்றான்.

"நான்தாண்டா போட்டேன்," என்றார் கடைசியில். "போன வருஷம், நடை கலையுதுன்னு. போய் அப்படியே சொல்லு."